முப்பத்தேழாம் நம்பர் கால்

டெலிபோன் அலறியது.

2008. ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி. ஆம்பூர் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கார்முகிலன் ரிசீவரை எடுத்தான்.

"சார்... எங்க கம்பெனி கால காணோம்."

"இன்னா காணோம்?"

"கால் சார். இடது கால்."

கார்முகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வெட்டு கேஸ்!

"மீதி உடம்பு எங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க சார். கம்பெனி ரகசியம். நான் முனீர் அகமது பேசறேன். ஃப்ளோரா லேடீஸ் செருப்பு ஓனர்."

ஃப்ளோரா...!

ரிசீவரைத் தலைகீழாக வைத்துவிட்டு எழுந்தான். அடுத்த நிமிடம் ஜீப் பறந்தது.

கம்பெனியில் முனீர் அகமது ஏசி அறையிலும் வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெமி. வயசு இருபத்திரண்டு. அந்தக் காலத்து ஃபேஸ்புக்கான ஆர்குட்டில் கம்பெனியின் பக்கத்தை நடத்துபவள்.

டிவி விளம்பரத்துக்கு வழியில்லாத கம்பெனி. ரெண்டு வருஷம் முன்னால் 'மிஸ் ஃப்ளோரா' என்று ஒரு ப்ரொஃபைல் ஆரம்பித்தாளாம் ஜெமி. முகம் கிடையாது. ஒரே ஒரு இடது கால். திங்கட்கிழமைதோறும் புதுச் செருப்பு.

அவ்வளவுதான்... பிய்த்துக்கொண்டு போனது!

'ஃப்ளோராவின் பாதம்' கம்யூனிட்டியில் இன்றைய தேதிக்குப் பதினோராயிரம் பேர். சிலர் கவிதை எழுதினார்கள். சிலர் ஜாதகம் கேட்டார்கள். சென்னைக் கடைகளில் பெண்கள், "ஆர்குட் கால் போட்டிருக்கற செருப்பு குடுங்க" என்று வாங்கினார்கள்.

"மூணு மணிக்கு ஜெர்மன்காரர் வர்றார் சார்" என்றாள் ஜெமி. "போட்டிக் கம்பெனிக்காரன், அது கம்ப்யூட்டர்ல செஞ்ச கால்னு கெளப்பி விட்டுட்டான். அவர் நேர்ல பாக்கணும். பாக்கலேன்னா ஆர்டர் கேன்சல். தைக்கற லேடீஸ் முன்னூறு பேருக்கு அடுத்த மாசம் வேலை இல்ல."

காலுக்குச் சொந்தக்காரர் காலையிலிருந்து வேலைக்கு வரவில்லை. செல்போன் ஆஃப். போதாததற்கு ஒன்பது மணிக்கு ஆர்குட்டில் வந்து விழுந்த ஒரு ஸ்க்ராப், அதாவது மெசேஜ்...

'அந்தக் கால் எனக்கு மட்டும்தான் சொந்தம். இனிமே ஒருத்தரும் பாக்க முடியாது.'

கடத்தல்!

"அந்தப் பொண்ணு பேரச் சொல்லுங்க பாய்."

முனீர் அகமது ஜெமியைப் பார்த்தார். ஜெமி தரையைப் பார்த்தாள்.

"சொல்ல முடியாது சார். வெளிய தெரிஞ்சா பிராண்டே காலி."

"பேஜாரா போச்சே. பேரும் இல்ல, மூஞ்சியும் இல்ல. சுண்டு விரல் பக்கத்துல இருக்கற மச்சத்த வெச்சி எங்கன்னு தேடறது?"

ஜெமி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"மச்சம் பத்தி நான் சொல்லவே இல்லியே சார். அது ஒரே ஒரு போட்டோலதான தெரிஞ்சிது? போன தீபாவளிக்கு."

"போலீஸ்னா நாலும் தெரிஞ்சி வெச்சிக்கணும்மா" என்றான் கார்முகிலன், கழுத்தைத் துடைத்தபடி. "அந்த ஸ்க்ராப் போட்டவன் ப்ரொஃபைல ஓப்பன் பண்ணு."

பயத்தில் அதுவரை யாரும் திறக்காத பக்கம். ஜெமி க்ளிக் செய்தாள்.

பயங்கரமான குற்றவாளி... தன் சொந்தப் பெயரைப் போட்டிருந்தாள். ஜெயசீலி. நர்ஸ் யூனிஃபார்மில் போட்டோ போட்டிருந்தாள். பிறந்தநாள், ரத்த வகை, வேலூர் சத்துவாச்சாரி வீட்டு விலாசம், பிடித்த பிரியாணி வரைக்கும் போட்டிருந்தாள்!

ஜீப் சத்துவாச்சாரிக்குப் பறந்தது. முதலாளி கம்பெனியிலேயே இருந்துவிட, ஜெமி மட்டும் கூட வந்தாள்.

கதவைத் திறந்தது சாட்சாத் ஜெயசீலி. பயப்படவே இல்லை.

"கால் எங்க?"

"உள்ளதான் இருக்கு. போய்ப் பாருங்க."

கார்முகிலன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சீவிக்கொண்டான். எதற்கு என்று ஜெமிக்குப் புரியவில்லை.

பாய்ந்து உள்ளே போனான்.

பெண் யாரும் இல்லை. சோபாவில் ஒரு இளைஞன். அடர்த்தியான மீசை. இடது காலில் முழங்காலிலிருந்து விரல் நுனி வரை மாவுக்கட்டு.

"இவன் யாரு?"

ஜெமி மாவுக்கட்டைக் கை காட்டினாள்.

"மிஸ் ஃப்ளோரா சார்."

கார்முகிலன் சீவிய தலையை அவசரமாகத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

ஜெமி விளக்கினாள். லேடீஸ் செருப்பில் எந்தப் புது மாடல் வந்தாலும், முதலில் முப்பத்தேழாம் நம்பர் காலில் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் சரியாக உட்கார்ந்தால்தான் மற்ற சைஸ் எல்லாம் வெட்டுவார்கள். கம்பெனியில் முன்னூறு பெண்கள். ஒருத்திக்கும் அச்சாக அந்த அளவு இல்லை. சாம்பிள் ரூமில் வேலை செய்யும் இந்த நெல்வினுக்கு இருந்தது! வாரா வாரம் ஷேவிங். வாரா வாரம் நெயில் பாலிஷ்.

"கண்ண மூடுன்னா சார்" என்றான் நெல்வின் பரிதாபமாக. "கிஃப்ட் குடுக்கப் போறாளோன்னு நெனச்சேன். கட்டு போட்டு, செல்லையும் புடுங்கிக்கினா."

ஜெயசீலி இடுப்பில் கை வைத்தாள்.

"மோதிரம் மாத்தினது என் கூட சார். ரோஜாப்பூ அனுப்பறது பதினோராயிரம் பேரு. மச்சத்தப் பாத்துதான் இவர் கால்னு கண்டுபுடிச்சேன். என் கால் நாப்பதாம் நம்பர். எனக்கு ஒருத்தன் பூ அனுப்பல. கார்மேகம்னு ஒரு லூசு, உன் சுண்டு விரலுக்கு என் சொத்த எழுதி வெக்கறேன்னு எழுதறான். எவன் சார் அவன்?"

கார்முகிலனுக்குப் பயங்கரமாக இருமல் வந்தது.

"சீலி, மணி ஒண்ணாவுது" என்றான் நெல்வின். "முன்னூறு பேர் பொழப்பு. அவுத்து விட்டுடு."

"அவுக்கறேன். ஆனா இந்தக் காலுக்கு நிச்சயம் ஆயிடுச்சின்னு ஊருக்கே தெரியணும்."

ஜெமி தெருமுனை ப்ரௌசிங் சென்டருக்கு ஓடினாள். மிஸ் ஃப்ளோராவின் ப்ரொஃபைலில் 'சிங்கிள்' போய் 'கமிட்டெட்' வந்தது. அவள் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் மாவுக்கட்டில் கத்தரி இறங்கியது.

இரண்டு ஐம்பது. கம்பெனி. ஒரு நீலத் திரை. திரைக்கு வெளியே ஒரே ஒரு கால். ஜெர்மன்காரர் குனிந்தார்... மச்சத்தைப் பார்த்தார்... நிமிர்ந்தார்... கையெழுத்துப் போட்டார்!

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் அனுதாபச் செய்திகள். கம்யூனிட்டியை விட்டே போவதாக ஒரு விலகல் கடிதம். கடைசியாக வந்ததை ஜெமி சத்தமாகப் படித்தாள்.

'உனக்காக ஏழு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். இனி அவற்றை யாருக்குக் கொடுப்பேன்? இப்படிக்கு, கார்மேகம்.'

ஸ்டேட்மென்ட் எழுதிக்கொண்டிருந்த கார்முகிலன் நிமிரவே இல்லை.

மே மாதம் சர்ச்சில் கல்யாணம். மஃப்டியில் வந்த கார்முகிலன் ஒரு பெரிய பார்சலை நீட்டிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டான்.

ஜெயசீலி பிரித்தாள். ஏழு ஜோடி ஃப்ளோரா செருப்பு. ஏழும் முப்பத்தேழாம் நம்பர். அவள் காலில் ஒன்றுகூட நுழையவில்லை.

மாப்பிள்ளைக்குத்தான் அச்சாகப் பொருந்தியது!