உறிஞ்சிய தண்ணீர்

காலையிலிருந்து ராஜாத்தி பாறைப் பக்கமே போகவில்லை. கடல் ஏஞ்சல் மீன்களில் அது குள்ள ரகம். கட்டைவிரல் நீளம்தான், ஆனால் உப்புத் தண்ணீர்த் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்ற திமிர் உண்டு. பொழுதெல்லாம் பாறையில் படிந்த பாசியைக் கொத்தித் தின்கிற ஜீவன், இன்றைக்குக் கண்ணாடி மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வால் ஓரம் பிய்ந்திருந்தது.

அதன் எஜமானியான பல் டாக்டர் தொட்டி முன் குனிந்தாள். உப்புக்கு அளவு, சூட்டுக்கு அளவு என்று பார்த்துப் பார்த்து அவள் வளர்த்த மீன். பாறையின் மேல் டார்ச் அடித்தாள். ஓட்டையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்புப் புழு ஒன்று, வெளிச்சம் பட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கடையில் வாங்கிய கடல் பாறையோடு வந்து சேர்ந்த சனியன்! இடுக்கியால் பிடித்து இழுத்தாள். பாதிதான் வந்தது. வந்த பாதி நெளிந்தது. அழுகிய சிப்பி நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மீதி உள்ளேயே இருந்தது.

"பாறையோட தூக்கிப் போடேன். பாக்கவே குமட்டுது," என்றபடி அவள் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

பாறையை எடுக்கப் பாதித் தண்ணீரையாவது இறக்க வேண்டும். அழுக்கும் சேர்ந்து போகட்டும் என்று ரப்பர் குழாயின் ஒரு முனையை அந்த ஓட்டை வாயிலேயே வைத்து, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். எப்போதும் செய்வதுதான். முந்தாநாள் கூட வேலை பார்க்கும் சிநேகிதி பிடுங்கிவிட்ட கடைவாய்ப் பல்லின் குழி இன்னும் ஆறவில்லை என்பது, உப்புத் தண்ணீர் சுரீரென்று பட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. பல் பிடுங்கினால் எதையும் உறிஞ்சிக் குடிக்கக் கூடாது என்று நோயாளிகளுக்குத் தினமும் வாய் வலிக்கச் சொல்கிறவள்! வழவழவென்று ஏதோ நாக்கின் மேல் ஓடியது. குழாயைச் சாக்கடையில் விட்டுவிட்டுக் காறிக் காறித் துப்பினாள். தண்ணீர்தான் வந்தது.

பாறையை வாளியில் போட்டு உடைத்துப் பார்த்தாள். ஓட்டை காலி. சாக்கடையோடு போய்த் தொலைந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ராஜாத்தியும் மற்றப் பாறைகளில் பழையபடி கொத்த ஆரம்பித்தது. அப்பாடா என்றிருந்தது.

இரண்டு மூன்று நாளில் அவள் வாய் நாறத் தொடங்கியது. அதே சிப்பி நாற்றம். எத்தனை கொப்பளித்தும் போகவில்லை. சொந்த எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது. கணவர் பேச்சோடு பேச்சாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தீனி போடக் குனிந்தபோது, அவள் முகத்தைக் கண்டதும் ராஜாத்தி மூலைக்குப் பாய்ந்து, ஒட்டிக்கொண்டு நடுங்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

பொழுது சாய்ந்திருந்தது. படுக்கையறைக்குப் போய், மேசை விளக்கை வாய்க்கு நேரே திருப்பி, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

குழியில் சிவப்பாக ஏதோ. ஈறுதான். இல்லை. ஈறு இப்படி வழுக்கிக்கொண்டு உள்ளே போகாது.

இடுக்கியை எடுத்தாள். இழுத்தால் பாதிதான் வரும். கீழே வைத்தாள். குமட்டலில் வாயை மூடினாள். மூடிய வாய்க்குள், இருட்டில், ஈரமாக, ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு...

திறந்தாள். உள்ளே போயிற்று.

வெளிச்சம் இருக்கும்வரை வராது. வாயைப் பிளந்தபடியே உட்கார்ந்தாள். எச்சில் முகவாயில் வழிந்தது. தாடை வலித்தது. மூடக் கூடாது.

பின்னால் கதவு திறந்தது. கணவர்.

"எதுக்கும்மா இவ்ளோ வெளிச்சம்? கண்ணு கூசுது," என்று வந்து மேசை விளக்கை அணைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல நாக்கைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. ஏதோ அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.