திங்கட்கிழமைக்குள் ஓர் இரும்புச் சட்டை

டமால்!

குருவிநத்தம் தென்னந்தோப்பில் அவன் மல்லாக்க விழுந்தான்.

நெஞ்சில் ஐந்து ஓட்டை. ஐந்து குண்டும் முதுகுப்பக்கம் வெளியேறியிருந்தன.

ஜொஹரா பீவி நிதானமாக நடந்து போனாள். குனிந்தாள். அவன் சட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வைக்கோலை இழுத்துப் போட்டாள்.

"ஆளு காலி. இந்தச் சட்ட வோணாம். அடுத்தத எடுங்க."

தென்னை மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அவள் புருஷன் கமருதீன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். செத்தது வைக்கோல் பொம்மைதான். ஆனால் திங்கட்கிழமை அந்தச் சட்டைக்குள் இருக்கப்போவது அவர்!

கமருதீன் வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சாராயக் கடத்தல் முத்துசாமி, பாகூர் சந்தையில் ஒருவனைக் குத்திக் கொன்றதைப் பார்த்த ஒரே சாட்சி. திங்கட்கிழமை கோர்ட்டு. வியாழக்கிழமை கடைக் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது.

'கூண்டில் ஏறினால் நெஞ்சில் குண்டு.'

இன்று சனிக்கிழமை.

"நான் போவலடி. எனக்குக் காச்சல்னு சொல்லிடு" என்றார் கமருதீன்.

"பொய் சொல்லத் தெரியாத மனுசன்னுதான் உங்களக் கட்டிக்கினேன். போவீங்க. நல்லதா ஒரு சட்ட போட்டுக்கினு போவீங்க."

சொல்தா செல்லப்பன் கையைப் பிசைந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர்; அந்தப் பட்டாளத்துக்காரரை ஊரில் 'சொல்தா' என்பார்கள். பழைய பட்டாளத்துச் சாமான்களை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு விற்பவர்.

"இது இந்தோசீனாவுல நான் போட்டுக்கினு இருந்த சட்ட தங்கச்சி. பதினோரு வருஷ சர்வீஸு. ஒரு குண்டு படல."

"அங்க உங்களுக்கு இன்னா வேலண்ணே?"

"சமையல்."

இருசப்பன் வாய்விட்டுச் சிரித்தான். கரையாம்புத்தூர்க்காரன். கரும்புக் கொல்லைக்கு வரும் நரியை விரட்ட, லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான். சட்டையைச் சோதிக்கத் துப்பாக்கி வேண்டும் என்று செல்லப்பன் டீக்கடையில் பேசியதைக் கேட்டு, கூப்பிடாமலே சைக்கிள் மிதித்து வந்துவிட்டான். கூலியும் வேண்டாம் என்றுவிட்டான்.

எவ்வளவு நல்ல மனசு!

குழாய்க்குள் மருந்தைக் கொட்டினான். காகிதத்தைக் கசக்கி அடைத்தான். ஈயக் குண்டுகளைப் போட்டான். மேலே மறுபடியும் காகிதம். கம்பியால் குத்திக் குத்தி இறுக்கினான். ஒரு வெடிக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

இரண்டாவது சட்டை, உள்ளே பஞ்சு திணித்துத் தைத்தது. விலை பாதிதான்.

டமால்!

சட்டை தீப்பிடித்துக்கொண்டது. செல்லப்பன் கையிலிருந்த இளநீரை ஊற்றி அணைத்தார்.

"குளிருக்கு நல்லாருக்கும் தங்கச்சி..."

"சுட்டும் சாவணும், வெந்தும் சாவணுமா? வுடுங்கண்ணே. இத மாட்டுங்க."

ஜொஹரா தன் பையிலிருந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்தாள். படுதாத் துணியில் அவளே தைத்தது. வாங்கிய செல்லப்பனுக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"உள்ள இன்னா வெச்சிருக்க?"

"மொதல்ல சுடட்டும். அப்புறம் சொல்றேன்."

டமால்... டணார்!

பொம்மை விழுந்தது. படுதா கிழிந்திருந்தது. ஆனால் உள்ளே வைக்கோல் ஒன்றுகூட கலையவில்லை! கிழிசலில் சப்பையாகிப்போன ஈயக் குண்டுகள். கூடவே புகைந்துகொண்டு, கசங்கிய ஒரு காகித உருண்டை.

ஜொஹரா அதை எடுத்தாள். ஊதி அணைத்தாள். பிரித்தாள்.

உள்ளே இருந்ததைப் படித்தாள். பிறகு காகிதத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இருசப்பா, இன்னொரு தடவ சுடு. முதுகுப்பக்கம்."

"அதான் தாங்கிடுச்சேக்கா. மருந்து வீணு. இதான் கடைசி."

"சட்டியக்கூட நாலு தட்டு தட்டிப் பாத்துதான் வாங்குவேன். இது அவரு உசுரு."

இருசப்பன் வேறு வழியில்லாமல் சுட்டான். முதுகும் தாங்கியது.

"ஏங்க, இப்ப நீங்க போட்டுப் பாருங்க."

கமருதீன் மாட்டிக்கொண்டார். "மூச்சு முட்டுதுடி..."

"முட்டட்டும். நிக்காம இருந்தா போதும்."

இருசப்பன் அவரைச் சுற்றி வந்தான். "கழுத்துக்கு ஒண்ணும் இல்லியே பாய்... கக்கத்துலயும் சந்து இருக்குது."

"ரொம்ப அக்கறையா பாக்குறியே" என்றாள் ஜொஹரா. "துப்பாக்கி இப்ப காலிதான?"

"ஆமாக்கா. மருந்து தீந்துபோச்சு."

"அப்ப சரி."

கையை விரித்தாள்.

ஓரம் கருகிய காகிதம். பொடிக்கட்டம் போட்ட, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து நோட்டுத் தாள். ஊதா மையில் பாதி வரி... 'கூண்டில் ஏறினால் நெஞ்...'

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மிரட்டல் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே கட்டம். அதே மை. அதே கையெழுத்து!

"எழுதிப் பழகுன தாளத் தூக்கிப்போட மனசு வர்ல. துப்பாக்கில அடச்சிட்ட. இன்னா சிக்கனம்பா உனுக்கு."

"அடப்பாவி" என்றார் செல்லப்பன். "நரிக்குன்னு சொன்னியேடா."

"இவன் முத்துசாமி ஆளுண்ணே. இவரு எந்தச் சட்ட போடுவாரு, அதுல எங்க ஓட்டன்னு பாக்க வந்திருக்கான்."

இருசப்பன் துப்பாக்கியை வீசி எறிந்தான். இடுப்பிலிருந்து கத்தி வெளியே வந்தது! கமருதீன் மேல் பாய்ந்தான். சற்று முன்புதான் கழுத்தையும் கக்கத்தையும் பார்த்து வைத்தவன், பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்து நேராக நெஞ்சிலேயே குத்தினான்.

டங்!

கத்தி வளைந்தது.

கமருதீன் தடுமாறினார். ஆளும் சட்டையுமாக இருசப்பன் மேல் பொத்தென்று விழுந்தார். மேலே இருந்தவராலும் எழுந்திருக்க முடியவில்லை, கீழே இருந்தவனாலும் முடியவில்லை.

"அப்டியே படுத்திருங்க. அசையாதீங்க" என்றாள் ஜொஹரா. புருஷன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் உயிரோடுதான் இருந்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நான் கூண்டுல ஏறுவேன்டி" என்றார் கமருதீன், படுத்தபடியே. "இனிமே யாருக்கும் பயப்பட மாட்டேன்."

செல்லப்பன் போலீஸைக் கூட்டிவரக் கிளம்பினார், இருசப்பனின் சைக்கிளிலேயே. பெடலில் கால் வைத்தவர் திரும்பினார்.

"தங்கச்சி, பட்டாளத்துல கூட இப்டி ஒரு சட்டய நான் பாக்கல. உள்ள இன்னாதான் இருக்குது? சொன்னா நானும் நாலு தெச்சு விப்பேன்."

"எங்க வூட்டு தோசக்கல்லுண்ணே. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

கீழே நசுங்கிக்கொண்டிருந்த இருசப்பன் முனகினான். கமருதீன் தலையைத் தூக்கி, கவலையோடு கேட்டார்.

"அடிப்பாவி... அப்ப நாளைக்கி தோச?"

ஜொஹரா முதுகுப்பக்கக் கிழிசலுக்குள் விரலை விட்டு, குண்டு பட்ட பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இனிமே இதுல தோச வராதுங்க. குழிப்பணியாரம்தான்."