லாக்குக்குள் இரண்டு படகு

"ரோட்டுல எதிர்ல ஆயிரம் பேர் வரான். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கிறானா?" என்று கேட்டான் தயாளன். "கால்வாயில அப்படி இல்ல சாவித்ரி. இன்னொரு படகைப் பாத்தா இஞ்சினை நிறுத்தணும். கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு நாலு வார்த்தை பேசணும். பீடி கேட்டா பீடி, டீசல் கேட்டா டீசல். இல்லேன்னு மட்டும் சொல்லவே கூடாது."

"எனக்குப் பேசப் பிடிக்கலேன்னா?"

"நடுத்தண்ணியில எழுந்து எங்க போவே?"

சேலையூர் வீட்டுச் சமையலறையில் அந்தப் பதிலைக் கேட்டு, சப்பாத்திக் கட்டையை ஓங்கிக்கொண்டு சிரித்தாள் சாவித்ரி.

ஒரு வாரம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே பேச்சு நினைவுக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படகுக்குப் பின்னால் மரக்கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. அதை மூட அங்கே ஆள் யாரும் இல்லை.

பம்மலில் ஒரு லேத்துப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த தயாளன், பழைய மரப்படகு ஒன்றை வாங்கி, அதில் பம்ப்செட் டீசல் இஞ்சினைப் பொருத்தி, இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் பக்கிங்ஹாம் கால்வாயில் போய்வந்துகொண்டிருந்தான். சாவித்ரி ஏறியது இன்றுதான் முதல் தடவை. காய்ச்சல் விட்டு இரண்டே நாளான நாலு வயசுப் பாப்பாவைப் பக்கத்து வீட்டுச் செல்வமேரி அக்காவிடம் விட்டுவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன் என்று குழந்தையின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கோவளம் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு சோழிங்கநல்லூர் பக்கம் திரும்பும்போதுதான், கோரைப்புல் மண்டிய ஒரு கிளைக்குள் அந்த லாக்கு கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிவந்த படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய கருங்கல் தொட்டி. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு.

"தூர்ந்துபோய்க் கிடந்ததே! யாரோ சரி பண்ணியிருக்காங்க பாரேன்!" என்று தயாளன் சின்னப்பிள்ளை மாதிரி குதூகலித்து உள்ளே விட்டான்.

உள்ளே ஏற்கெனவே ஒரு படகு நின்றிருந்தது. அதைக் கண்டதும் அவன் தன் வழக்கப்படி இஞ்சினை நிறுத்தினான், கயிற்றை வீசினான், இழுத்துக் கட்டினான். காலையிலிருந்து காதில் அறைந்துகொண்டிருந்த இஞ்சின் ஓய்ந்ததும் ஒரு மௌனம் வந்து கவிந்தது. கொக்கு இல்லை, தவளை இல்லை, கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடலின் இரைச்சல்கூட இல்லை, கல்லிடுக்கில் எங்கோ நீர் சொட்டுகிற ஓசையும், நெடுநாள் மூடிவைத்த கிணற்றைத் திறந்தாற்போல் ஒரு குளிர்ந்த பாசி வாடையும் மட்டும்தான்.

"வாங்க சார், வாங்க! எவ்ளோ நாளாச்சு இன்னொரு போட்டப் பாத்து!"

எதிர்ப்படகில் உட்கார்ந்திருந்த பெண் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றாள். பேர் அங்காளம்மா என்றாள். முன்பக்கம் கதவைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன் ரங்கன். அவர் திரும்பவில்லை.

"அண்ணன் பேச மாட்டாரா? வீட்டுக்காரம்மா உத்தரவு இல்லையோ?" என்றான் தயாளன்.

"அட போ சார்!" அங்காளம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அவரு கதவப் பாத்துகினு கீறாரு. தொறந்தா ஒடனே கெளம்பணும்ல?"

"எப்பம்மா திறப்பாங்க?"

"ரெண்டு போட்டு சேந்தாத்தான் சார் தொறப்பாங்கோ. ஒரு போட்டுக்கோசரம் தண்ணிய வீணாக்க மாட்டாங்கோ. அதான் நீங்க வந்துட்டீங்களே." அவள் பார்வை சாவித்ரியின் மேல் வந்து நின்றது. "அக்கா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"தாராளமா கேளுங்க," என்றான் தயாளன்.

"இருக்கட்டும் சார். இப்பத்தானே வந்தீங்கோ. அப்பால கேக்கறேன்."

நீர் இறங்க ஆரம்பித்திருந்தது. சுவரில் ஈரக்கோடு சாவித்ரியின் தோளுக்கு வந்தது, பிறகு தலைக்கு. கருங்கல் இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே போக, மேலே வானம் ஒரு முழத் துணியாகச் சுருங்கியது. வெளியே இன்னும் வெயில் இருந்தது, உள்ளே இல்லை. அந்த மங்கலுக்குக் கண் பழகப் பழக, முதலில் கவனிக்காதது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அங்காளம்மாவின் படகு நிறைய சேறு. அதில் கோரை முளைத்து இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அவளுடைய கால்கள் கணுக்கால்வரை அந்தச் சேற்றில் இருந்தன. சுவரில் பதித்த இரும்பு வளையம் ஒன்றை அவள் இடது கை பிடித்திருந்தது. விரலுக்கும் இரும்புக்கும் நடுவே பாசி மூடியிருந்தது.

சாவித்ரி கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடி... வேற படகு இருந்துச்சா?"

"இருந்துச்சே. ஒரு அப்பா, கல்யாணம் ஆவாத பொண்ணு ஒண்ணு. தங்கமான மனுசங்க. அந்தப் பொண்ணு என்னாண்ட ஒரு ஒத்தாசை கேட்டுச்சு. நான் யோசிக்கறதுக்குள்ள இவரு சரின்னுட்டாரு."

"அப்புறம்?"

"கதவு தொறந்துச்சு. அவங்க போய்ட்டாங்கோ."

"நீங்க போகலையா?"

அங்காளம்மா பாசி மூடிய தன் இடது கையைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. வந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட இறங்கவில்லை என்று சாவித்ரிக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தப் பெண் கேட்கக் கூடாது. வாயைத் திறந்து கேட்க விடவே கூடாது.

"அக்கா, நான் கேக்கணும்னு சொன்னேன்ல..."

"எங்க பாப்பாவுக்கு நாலு வயசு!" என்று சாவித்ரி குறுக்கே விழுந்தாள். பாப்பாவின் காய்ச்சலைச் சொன்னாள். டாக்டர் கொடுத்த சிவப்பு மருந்தைச் சொன்னாள். குரோம்பேட்டையில் ஜவுளி எடுத்த கடையை, தக்காளி விற்கிற விலையை, தாம்பரம் மார்க்கெட்டில் கால் வழுக்கியதை, மூச்சு விடாமல் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் அவள் விரல்கள் கயிற்றின் முடிச்சைத் தேடின. ஈரக் கயிறு. இறுகிய முடிச்சு. நகம் பிய்ந்தது.

"ஏங்க, இஞ்சினைப் போடுங்க. பின்னாலேயே போயிடலாம்."

"கதவு மூடியிருக்கும்மா. எங்க போறது?"

"பாப்பா தேடும்."

"இதோ திறந்துடுவாங்க. இப்படியா பேசுவே, ரேடியோ மாதிரி? அவங்க என்னமோ கேக்கணும்னாங்களே, நீ விட்டாத்தானே!"

"வேணாங்க."

"மரியாதையா இருக்காது சாவித்ரி." அவன் எதிர்ப்படகைப் பார்த்துச் சிரித்தான். அவன் மனசு அப்படி. யாருக்கும் முகம் வாடக் கூடாது.

"ஏங்க, வேணாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"நீங்க கேளுங்கம்மா. என்னவா இருந்தாலும் சரி."

சரி.

சொட்டிய நீர் நின்றது.

முன்கதவு அசைந்தது. நடுவில் ஒரு கோடு. விரல் கனத்துக்கு வெளிச்சம். அதில் நிஜமான வெயில், நிஜமான காற்று, தூரத்தில் பஸ் ஹாரன்.

ரங்கன் எழுந்தார். வேர்கள் அறுபடும் சத்தம். பலகையிலிருந்து. அவர் உடம்பிலிருந்தும்.

திரும்பினார்.

கதவையே பார்த்துப் பார்த்து, கண் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் வழவழவென்றிருந்தது.

தயாளனின் சிரிப்பு அப்படியே நின்றது. வாய் திறந்தபடி.

ஜில்லென்று ஏதோ சாவித்ரியின் மணிக்கட்டைப் பற்றியது. இழுத்தாள். வரவில்லை. அவள் கை சுவரை நோக்கிப் போனது. இரும்பு வளையத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. அவள் மடக்கவில்லை.

அங்காளம்மா சேற்றிலிருந்து காலை உருவி எழுந்து நின்று, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய்க் கியூவில் டின்னை வைத்துவிட்டுப் பின்னால் நிற்பவளிடம் கேட்கிற அதே குழைவோடு, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்:

"எங்க எடத்தக் கொஞ்சம் பாத்துக்கிறியாக்கா? தோ, வந்துடறோம்."