ஒரு பிடி மண்ணும் நகராமல்

பேச்சைத் தொடங்குமுன் வழக்கறிஞர் கோமதிநாயகம் இரண்டு கால்களையும் டீக்கடை பெஞ்சின்மேல் தூக்கிச் சம்மணமிட்டுக்கொண்டார். எதிர் பெஞ்சில் முப்பிடாதியும் செருப்பை உதறிவிட்டுக் காலை மடக்கினாள். ஆவுடையூரில் இப்போது தரையில் கால் பட ரகசியம் பேசுகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் புதிதாகக் காதலில் விழுந்தவன்.

எல்லாம் மண்செவி வந்த பிறகுதான். அதிர்வு பட்டால் மண் துகள் மயிரிழை அளவு புரண்டு படுக்கும். அதன்மேல் அடுத்த துகள் படியும். அந்தப் படுக்கையை ஊசியால் துழாவி, எந்தக் காலத்தில் எத்தனை கால்கள் நடந்தன, எந்த வாய் என்ன பேசியது என்று ஒப்பித்துவிடும் கருவி அது. மண்ணின் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும் என்று சட்டம் வந்ததும் மூன்றாம் மாடி வீடுகளுக்கு வாடகை ஏறியது. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டு முற்றத்துக்கு முதலில் மண்செவி வைத்துப் பார்த்தார்கள். கட்சிக்காரர்கள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கூட்டணி பேசினார்கள்.

"மைதானம் கெடைக்குமாய்யா, கெடைக்காதா?" என்றாள் முப்பிடாதி.

சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது அது. சிவப்புக் கலெக்டர் அலுவலகத்தின் முன்னால், தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் பரப்பிய பழைய மைதானம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் மனு கொடுப்பவர்கள் நிற்கிற இடம். அங்கே வணிக வளாகம் கட்டப்போவதாக அரசு அறிவித்ததும் வழக்குப் போடக் கையெழுத்திட்டவள் முப்பிடாதி ஒருத்திதான். கல்குவாரி வெடியில் அவள் தெருவின் சுவர்களெல்லாம் கீறல் விட்டிருந்தன; அதற்காகத் திங்கள்தோறும் மனுவோடு அங்கே நிற்பவள் அவள்.

"மனுவ ஆன்லைன்ல போடுங்காவ. போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துது. இங்க தெருவே தெரண்டு நின்னு கத்துனாத்தான் அந்தக் கலெக்டரு சன்னலத் தொறக்காரு. எடம் போயிட்டா எங்க சத்தம் யாருக்குக் கேக்கும்?"

"போகாதும்மா. மரத்தடியில விடுதலைப் போராட்டக்காரங்க சத்தியம் எடுத்தாங்கன்னு ஊரே சொல்லுது. மண்செவி வச்சா மண்ணே சொல்லிரும். ஆனா அரசாங்கம் வைக்க விடாது. அதுதான் பாடு."

அரசாங்கம் விட்டது. அங்கேதான் கோமதிநாயகத்துக்குத் தூக்கம் போயிற்று.

அரசு வழக்கறிஞர் எஸ்தர் கனகமணி, காலை வணக்கம் சொன்னால்கூட "மறுக்கிறோம்" என்று எழுதிக் கொடுக்கிற பெண்மணி. அவர் எழுந்து, "சோதனைக்கு அரசுத் தரப்பில் ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சோழியன் குடுமி சும்மா ஆடாதே! ஊசி இறக்குகிற அன்று கோமதிநாயகம் மைதானத்துக்குப் போய்க் கருவியைச் சந்தேகித்தார். கருவிக்காரரைச் சந்தேகித்தார், அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகூடப் பார்த்தார். எலுமிச்சைச் சாதம். தப்பாக எதுவும் இல்லை என்பதே பெரிய சந்தேகமாகிவிட்டது.

முடிவு நீதிமன்றத்துக்கு வந்தது. சத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு தலைவர் பேசியிருந்தார். பாதிப் பேச்சிலேயே கூட்டம் சோடாக் கடைப் பக்கம் நகர்ந்திருந்தது. கோமதிநாயகம் கோட்டு நுனியைத் திருகிக்கொண்டு, தோற்றுப்போன முகத்தை முன்கூட்டியே தயார் செய்துகொண்டார்.

"இன்னொண்ணு இருக்குங்கய்யா," என்றார் கருவிக்காரர். "மேலடுக்குலேர்ந்து அடியடுக்கு வரைக்கும் ஒரே மாதிரி."

ஒலிக்கவிட்டார். முதலில் வெறும் பொத்பொத்தென்று. பிறகு புரிந்தது: நிற்கிற கால்கள். நின்று நின்று வலித்து, உடம்பின் பாரத்தை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்றுகிற சத்தம். வாரத்துக்கு ஒரு நாள், நூறு வருஷத்துக்கும் மேலாக. நடுநடுவே ஒரே சொல், ஆயிரம் தொண்டைகளில்: "ஐயா… ஐயா…"

கோமதிநாயகம் வியர்வை துடைப்பவர்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"சத்தியத்தைவிட இது பெரிது. காத்திருந்தவர்களின் வரலாறு இந்த நிலம். கட்டடம் கூடாது. மனுதாரர் கேட்டபடியே உத்தரவிடுகிறேன்."

முப்பிடாதி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போது எஸ்தர் எழுந்தார்.

"கேட்டபடியே, முழுமையாக, ஐயா. மனுவின் கடைசிப் பத்தியும் சேர்த்து."

கோமதிநாயகத்துக்குக் கடைசிப் பத்தி என்னவென்றே மறந்திருந்தது. யானையைக் கேட்டால்தான் ஆடாவது கிடைக்கும் என்பது அவருடைய தொழில் தத்துவம். எந்த மனுவானாலும் முடிவில் ஒரு யானையைக் கட்டிவைப்பார். எந்த நீதிபதியும் அதை அவிழ்த்துக் கொடுத்ததில்லை. எஸ்தர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்:

"'மைதானத்தின் ஒரு பிடி மண்ணும் நகராமல், சிறு அதிர்வும் அதன்மேல் படாமல் என்றென்றும் காக்க வேண்டும்.' மண் இப்போது சாட்சி, ஐயா. புதிய காலடி ஒவ்வொன்றும் பழைய காலடியை அழிக்கும். சாட்சியைக் கலைப்பது குற்றம். அரசு முழு மனத்தோடு இணங்குகிறது."

"அனுமதிக்கிறேன்," என்றார் நீதிபதி.

மூன்றாம் மாடி வராந்தாவில் எஸ்தரை மறித்தார் கோமதிநாயகம். மாடிதானே, பேசலாம்.

"ஏம்மா இப்பிடி?"

"கட்டடம் வந்தா என்ன, வராட்டா என்ன, அண்ணாச்சி? திங்கக்கெழமைக் கூட்டம் நின்னாப் போதும்னு மேல சொல்லிட்டாங்க. என்ன வழின்னு மண்டையப் பிச்சுக்கிட்டேன். கடைசியில ஒங்க மனுவுலயே இருந்துச்சு." அவர் சிரிக்கவில்லை. "நல்லா எழுதுறீங்க."

அடுத்த திங்கட்கிழமை மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி நின்றது. வேலியில் வரிசையாக, அதிர்வு பட்டால் எரியும் சிவப்பு விளக்குகள். பலகையில் எழுதியிருந்தது: 'சாட்சி ஓய்வில் உள்ளது. மிதிக்காதீர்.' மர நிழல் உள்ளே குளுகுளுவென்று விழுந்து கிடந்தது. மனுக்காரர்கள் வெயிலில், சாலை ஓரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

முப்பிடாதி டீக்கடைக்கு வந்தாள். "செயிச்சிட்டோம்னு சொன்னியளேய்யா. நாங்க எங்கன நிக்க?"

பெஞ்சின்மேல் சம்மணமிட்டிருந்த கோமதிநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். காலைத் தொங்கவிட்டுச் செருப்பைத் துழாவி மாட்டினார். சாலையைக் கடந்து கூட்டத்தோடு போய் நின்று, தூரத்தில் மூடிக்கிடந்த ஜன்னலைப் பார்த்துத் தொண்டை கிழிய, "ஐயா!" என்று கத்தினார். கூட்டமும் சேர்ந்து கத்தியது.

வேலியில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. கான்ஸ்டபிள் ஓடிவந்தார்.

"சத்தம் போடாதிய சார். அதிர்வு உள்ள போவுது. உத்தரவுல இருக்கு."

"பேசாம நின்னுக்கிடலாமா?" என்றாள் முப்பிடாதி.

"நிக்கலாம். ரொம்ப நேரம் வேண்டாம். இந்த ரோடும் சாட்சியாயிட்டா இதையும்லா அடைக்கணும்."

யாரும் நகரவில்லை. யாரும் பேசவும் இல்லை. வெயில் ஏறியது. கோமதிநாயகத்துக்கு வலது முழங்கால் கடுத்தது. பாரத்தை இடக்காலுக்கு மாற்றினார். பக்கத்தில் முப்பிடாதி மாற்றினாள். அவளுக்குப் பின்னால் அவள் தெரு முழுக்க ஒவ்வொருவராக மாற்றியது. ஒரு விளக்கு எரிந்து அணைந்தது. பிறகு இன்னொன்று.

கான்ஸ்டபிள் லத்தியைத் தூக்கி யாரைக் காட்டுவதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். அவரும் காலையிலிருந்து நிற்கிறவர்தான். மெல்ல அவரும் கால் மாற்றினார்.

விளக்கு எரிந்தது.