ஆணையில்லாத நாள்

தூத்துக்குடியில் காலை டீ குடிக்க வருகிறவர்களுக்கு வாய் டீயில் இருந்தாலும் கண் கடைச் சுவரில் தொங்கும் விளக்குப் பலகையில்தான் இருக்கும். ஒவ்வொரு அரசுத் துறைக்கும் அதில் ஒரு விளக்கு. துறை முந்தின நாள் அளந்தது, செலவழித்தது, சொதப்பியது எல்லாவற்றையும் விடிவதற்குள் பொதுத்தரவாகத் திறந்துவிட வேண்டும். திறந்தால் பச்சையாக எரியும். ஒரே ஒன்றை ஒளித்தது தெரிந்தாலும் அணைத்துவிடுவார்கள். விளக்கு அணைந்த துறை அன்று முழுக்க யாருக்கும் ஆணையிட முடியாது. 'தள்ளி நில்' என்றுகூடச் சொல்ல முடியாது. போன வருஷம் பூங்காத் துறையின் விளக்கு அணைந்த அன்று, பிள்ளைகள் புல்தரையில் பந்தாடித் தீர்த்துவிட்டார்கள்.

அணைக்கும் அதிகாரம் திறப்பு ஆணையத்துக்கு. அங்கே கடலோரத் துறைகளைக் கண்காணிப்பவள் கித்தேரி. கறார் பேர்வழி என்று பெயரெடுத்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மாலை புயல் கரையேறும் என்று ஊருக்கே தெரியும். கடல்சுவர் இருக்கிறதே என்று ஊர் நிம்மதியாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொள்ளும் கரைக்காப்பு முகமையின் விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தது. ஆனால் அது திறந்த தரவில் சுவரின் தென்பகுதியைக் காணோம். 'உணரிகள் பழுது' என்று ஒரே வரி. பக்கத்து அலைமானிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்போது தென்சுவரின் உணரிகள் மட்டும் சேர்ந்தாற்போல் பழுதாவதாவது! கித்தேரி நேராக முகமைத் தலைவர் வைகுண்டமணியின் அறைக்கே போய் உட்கார்ந்தாள்.

அவர் மழுப்பவில்லை. தென்சுவர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது, இன்றைய புயலைத் தாங்காது என்றார். பராமரிப்பு வேலை என்று சொல்லி, மதியத்திலிருந்து தெருத்தெருவாக ஆணை போட்டு ஆட்களை வெளியேற்றப் போகிறாராம். உண்மையை இப்போதே சொன்னால் தெற்குத் தெருக்களின் முப்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் இரண்டு சாலைகளுக்குள் பாய்வார்களாம். கெட்ட மனுஷர் இல்லை. பாவம், ஒரு வாரமாகத் தூங்காதவர்.

"வெளக்க அணைச்சீங்கன்னா என் ஆணை செல்லாது மேடம். சனத்த யாரு வரிசையா கூட்டிட்டுப் போவா? நெரிசல்லயே பாதிப்பேரு போயிருவாவ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க வீடும் தெக்குத் தெருவுலதான? வீட்டுக்காரருக்கு ஒரு போனப் போட்டுருங்க. எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கிடுதேன்."

கித்தேரி கைத்திரையை எடுத்தாள். கணவன் லூர்தப்பனும் மகள் ஜெசியும் அந்நேரம் வீட்டில்தான் இருந்தார்கள். கண்காணிப்பாளர் தன் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்வது குற்றம். ஆனால் அவள் கையைப் பிடித்தது சட்டமல்ல. தன் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் விட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

"அது அந்தச் சனங்களோட சொவரு சார்" என்று சொல்லி, கைத்திரையைத் தொட்டு முகமையின் விளக்கை அணைத்தாள்.

ஒளித்து வைத்த தரவு அந்தக் கணமே தானாகத் திறந்துகொண்டு எல்லோர் கைத்திரையிலும் ஒன்றாக வந்து விழுந்தது. கித்தேரி சன்னலருகே போய் நின்றாள். கூச்சல் எப்போது கிளம்பும் என்று காத்திருந்தாள்.

கூச்சல் வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் வாய்ப்பாட்டோடு தரவு வாசிக்கவும் படித்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் தெருவில் கூடி, குடிநீர்க் கணக்கையும் பேருந்துக் கணக்கையும் வாசித்துச் சண்டை போட்டே வளர்ந்தவர்கள். எந்தச் சாலை எத்தனை வண்டி தாங்கும், எந்தப் பள்ளியில் எத்தனை பேர் தங்கலாம் என்பதெல்லாம் ஏற்கனவே திறந்து கிடந்தது. சுவர் எங்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது ஒன்றுதான் தெரியாமலிருந்தது. அதுவும் இப்போது தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தெருக்கள் தங்களுக்குள்ளேயே முறை போட்டுக்கொண்டன. முதலில் மீன் வண்டிகள் வந்தன, படுத்த படுக்கையாக இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு. வைகுண்டமணி அவள் பக்கத்தில் வந்து நின்று வாய் பிளந்து பார்த்தார்.

லூர்தப்பன் போனில் கூப்பிட்டான். "நம்ம லாரிய மாதா தெருவுக்குக் குடுத்துட்டேன் கித்தேரி. அங்கதான் சொவரு ரொம்ப எறங்கியிருக்கு. நமக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்குன்னு கணக்கு சொல்லுது. நானும் ஜெசியும் கடைசி முறையில வாறோம்."

இப்பவே வாங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவன் நம்பியது அவளே திறந்துவிட்ட கணக்கை. சரி என்று மட்டும் சொன்னாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மனுஷனை நினைக்க, அந்த ஊரை நினைக்க, பெருமை தாங்கவில்லை.

கடைசி முறை வண்டி மூன்று மணிக்குள் மேட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. ஜெசி தகப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் தென்சுவர் இடிந்து, ஆளில்லாத தெருக்களுக்குள் கடல் புகுந்தது.

மறுநாள் முகமையின் தரவை வைகுண்டமணி யாரிடமும் விடாமல் தானே உட்கார்ந்து பதிந்தார். ஒளித்தவர் யார் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். கித்தேரி சரிபார்த்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

பிறப்பித்த ஆணைகள்: எதுவுமில்லை. வெளியேறியவர்கள்: எல்லோரும்.