பல் கிளினிக் என்று பதிந்த எண்

வெளியே மழை... பல் டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"தூக்கத்துல இப்படிப் பல்லைக் கடிக்கிறியே, அப்படி என்னம்மா டென்ஷன்?"

"பரீட்சை, டாக்டர்."

சொன்னவளுக்கு வயது பதினேழு. வீட்டில் செல்லப்பெயர் வாயாடி. ஆனால் வகுப்பில், 'அவ ஒரு மாதிரி, பக்கத்துல உட்காராதே' என்ற கிசுகிசு கிளம்பியதிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட இரண்டு முறை யோசிப்பாள். பகலெல்லாம் அடக்கி வைத்ததைத் தூக்கத்தில் பற்கள் அரைத்தன.

தாடையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். அங்கே நீலக் குடையை மடக்கியபடி ஒருத்தி, அவள் வயதுதான். இமைகளில் மழைத்துளி... கண்களில் அடங்காத சிரிப்பு.

"பரீட்சை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே... இன்னுமா எழுதிட்டிருக்க?"

"ஒட்டுக் கேட்டியா? வெட்கமா இல்ல?"

"கதவு தொறந்திருந்தா என் காது என்ன பண்ணும்?"

வாயாடி முறைத்தாள். நீலக்குடை உள்ளே போனாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பதில் வெளியே வரை கேட்டது: "பரீட்சை, டாக்டர்."

வாயாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று!

பஸ் நிறுத்தம் வரை ஒரே குடையில் நடந்தார்கள். பாதி வழியில் நீலக்குடை மெல்லச் சொன்னாள்.

"எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல... நீ ஓடிடுவியா?"

"மழையில எங்க ஓடுறது?" என்றாள் வாயாடி. "எனக்கும் அப்படித்தான்."

நீலக்குடை தந்த போன் எண்ணை, அவள் எதிரிலேயே 'பல் கிளினிக்' என்று பதிந்துகொண்டாள் வாயாடி. அம்மா எடுத்துப் பார்த்தாலும் சந்தேகம் வராதே! அடுத்த மூன்று வாரம் தினமும் பேசினார்கள். காலையில் தாடை வலிக்கவில்லை.

விதி பாருங்கள், அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. மகளின் போனை எடுத்து 'பல் கிளினிக்'கை அழைத்தாள்.

"ஹேய் வாயாடி... இன்னிக்கு என்னைப் பத்தி நினைச்சியா?"

"எந்தக் கிளினிக்குல இப்படியெல்லாம் விசாரிக்கிறாங்க?" என்று அம்மா திகைக்க, வாயாடி போனைப் பிடுங்கினாள். "ராங் நம்பர்!" என்று கத்தி, வைத்துவிட்டாள்.

பத்தாவது நிமிடம் செய்தி வந்தது. 'பல் கிளினிக்னு போட்டப்ப நானும்தான் சிரிச்சேன். ஆனா நம்மளை ராங்னு ஸ்கூல்ல சொல்றாங்க, வீட்டுலயும் சொல்வாங்க. நீயுமா?'

அதன்பிறகு வாயாடி அனுப்பிய எதற்கும் பதிலே இல்லை. ஒரு வாரம்... தாடை மறுபடி வலித்தது.

மறுபரிசோதனை நாளில் அம்மாவும் தன் பல்லைக் காட்டக் கூடவே வந்தாள்.

"திரும்பவும் கடிச்சிருக்கியே. பரீட்சையா?" என்றார் டாக்டர்.

ஆமாம் என்று சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

"இல்ல டாக்டர். அன்னிக்கும் பரீட்சையால இல்ல." அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, அன்னிக்கு நீ பேசினது ராங் நம்பர் இல்ல. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா... ஃப்ரெண்டு மாதிரி இல்ல. அதுக்கும் மேல."

வலித்த கன்னத்தைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

வாயாடி அழுதுகொண்டே வெளியே வந்தாள். எதிரே நீலக் குடை... தன் மறுபரிசோதனைக்கு வந்து, அதைப் பிடித்தபடி நின்றவளின் கண்களும் நனைந்திருந்தன.

"ஒட்டுக் கேட்டியா?"

"கதவு தொறந்திருந்துச்சு..." குரல் உடைந்தது. "எனக்கும் உன்னை ரொம்பப் பிடிக்கும், வாயாடி."

பின்னால் அம்மா வந்து நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எனக்கு இது பழக நாளாகும்டி... ஆனா போன்ல முதல்ல அந்தப் பேரை மாத்து. நாளைக்கு எனக்குப் பல் வலிச்சா நான் யாரைக் கூப்பிடறது?"