சுவருக்குள் போகும் ஒயர்

ஆம்ப்ளிஃபயரின் கரண்ட் ஒயர் இன்னும் பிளக்கில் செருகப்படாமல் மேசைக்காலைச் சுற்றிக் கிடந்தது. ஆனாலும் தனிப் பிளக்கில் செருகியிருந்த சப்வூஃபர் பெட்டியின் நெற்றியில் இருந்த சிறு விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

சங்கிலிப்பாண்டி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். பச்சை என்றால் பெட்டிக்கு எங்கிருந்தோ சத்தம் வந்து சேர்கிறது என்று பொருள். எதுவும் வராவிட்டால் அது தானாகவே தூங்கிவிடும், வந்தால் தானாகவே விழித்துக்கொள்ளும். ஆம்ப் செத்துக் கிடக்கும்போது அது விழித்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரைக்கல் வழியாக உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறியது. காதுக்கு எட்டுவதற்கு முன்பே காலுக்கு எட்டிவிடுகிற கனத்த சத்தம். தும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு தும். ஈரச் சாக்குகள் மேல் நின்றுகொண்டு யாரோ கால் மாற்றிக்கொள்வதைப் போல.

வெளியே மழை. கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோடு முழுக்க அடைத்துக் கிடந்தது, அன்று ஹர்த்தால். மிளகும் சுக்கும் அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கியை ஷமீல் காபிக்கடையாக மாற்றிக்கொண்டிருந்தான். பொழுது விடியும் முன்பே, ஸ்பீக்கர் மாட்ட வந்த சங்கிலியையும் வெங்கிட்டுவையும் உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிவிட்டுப் பள்ளுருத்தியில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டான். உள்ளே வேலை நடப்பது தெரிந்தால் ஊர்வலம் போகிறவர்கள் கல்லெறிவார்கள் என்பது அவன் பயம். ஹர்த்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு முடியும், முடிந்ததும் வந்து திறப்பதாகப் பேச்சு. ஷமீலுக்கு வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். சங்கிலிக்கு மலையாளம் ஓரளவு பேச வரும், எழுத வராது. அதனால் அவர்களுக்குள் எல்லாமே வாய்ப்பேச்சுதான், போனில் எழுதி அனுப்புவது கிடையாது.

ஷட்டரின் ஓட்டைகள் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் கூடத்தின் பாதிதான் தெரிந்தது. மீதியில் சுவரோடு ஊறிப்போன சுக்கு வாசனை, அதற்கடியில் நனைந்த சுண்ணாம்பின் வாசனை, அதற்கும் அடியில் சங்கிலியால் பெயர் சொல்ல முடியாத, வாயை வெகுநாள் மூடி வைத்திருந்து திறந்தது போன்ற ஒரு வாசனை.

அவன் யோசித்துப் பார்த்தான். அந்தப் பழைய ஆம்பில் சப்வூஃபருக்கென்று தனி இணைப்பு கிடையாது. அதனால் ஸ்பீக்கருக்குப் போகும் டெர்மினலில் இருந்தே இன்னொரு ஜோடி ஒயரை எடுத்து சப்பில் கொடுத்திருந்தான். எல்லாரும் செய்கிற வேலைதான். இங்கே மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது. பின்சுவரில் ஏற்கனவே யாரோ இழுத்து விட்டிருந்த கறுப்பு ரப்பர் ஒயர் ஒரு ஜோடி நீட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் மறுமுனையில் ஸ்பீக்கர் இருப்பதாகக் காட்டியது. சங்கிலி வழக்கம்போல ஒரு ரிமோட் பேட்டரியை எடுத்து அந்த ஒயரில் தொட்டுத் தொட்டு எடுத்தான். சுவருக்கு அப்பால் எங்கோ டக், டக் என்றது. உள்ளறையிலும் நாற்காலி போடுவதாக ஷமீல் சொல்லியிருந்தான். புது ஒயர் இழுக்கும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்து, அந்த ஜோடியையும் அதே டெர்மினலில் முறுக்கிவிட்டான்.

அப்படியானால் விளக்கு பச்சையானதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பீக்கர் வாய் மட்டுமல்ல, காதும்தான். அதன் முன்னால் காற்று அசைந்தால் உள்ளிருக்கும் தாள்கூம்பும் அசைந்து, ஒயரில் துளி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அந்தத் துளியைத்தான் சப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. உள்ளறையில் இருக்கும் ஸ்பீக்கரின் முன்னால் ஏதோ அசைகிறது. காரணம் தெரிந்ததில் அவனுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. வெங்கிட்டுதான் உள்ளே போயிருப்பான்.

வெங்கிட்டு கூடத்தின் மறுகோடியில் கால் நீட்டி உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

வெங்கிட்டு சங்கிலியின் மனைவிக்குத் தம்பி. தென்காசியில் நாளைக்கு அவன் பெண்டாட்டிக்கு வளைகாப்பு. ராத்திரி ரயிலுக்கு அவனைப் பத்திரமாக ஏற்றி அனுப்புவதாக சங்கிலி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான். காலையிலிருந்து வெங்கிட்டு வாங்கி வைத்திருக்கும் வளையல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அளவு சின்னதாகப் போய்விட்டதாம், அவள் கையில் ஏறாதாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு அவனுக்கு அடிவயிற்றிலிருந்து வரும்.

சப் மறுபடியும் தும் என்றது. சங்கிலி விவரத்தைச் சொன்னதும் வெங்கிட்டு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பெருச்சாளியா இருக்கும் அத்தான். நீங்க சும்மா இரிங்க, நான் பாத்துட்டு வாரேன்."

பின்சுவரின் மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கதவு இருந்தது. தாழ்ப்பாள் இந்தப் பக்கம். வெங்கிட்டு அதை நீக்கி, செல்போன் வெளிச்சத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, குனிந்து நுழைந்தான். வெளிச்சம் கொஞ்ச நேரம் உள்ளே ஆடியது. பிறகு ஒரு பக்கமாகத் திரும்பியது. பிறகு இல்லை.

சுவர் முழங்கை நீளத் தடிமன். உள்ளிருந்து ஒரு சத்தமும் கதவு வழியாக வரவில்லை. பெட்டி வழியாகத்தான் வந்தது. வெங்கிட்டுவின் காலடிகள் நிதானமாக நடந்தன. நின்றன. அப்புறம் வேறு அடிகள். அவை இன்னும் மெதுவாக இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த இடைவெளியை மனித நடையோடு சேர்த்துப் பார்க்க சங்கிலியால் முடியவில்லை.

பிறகு முனகல். வெங்கிட்டுவின் குரல்தான். சொல் எல்லாம் உதிர்ந்து அடிக்குரல் மட்டும் மிஞ்சிய முனகல். சப்பில் கனத்த சத்தம் மட்டும்தான் கேட்கும், பேச்சின் மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும். சங்கிலி பெட்டியின் பின்னால் இருந்த குமிழைக் கடைசிவரை திருப்பினான். இப்போது கொஞ்சம் தெளிந்தது. குரல் கடைசியில் மேலேறியது. கேள்வி கேட்கிறான். யாரு என்று கேட்டிருப்பான்.

பதில் வந்தது. அது குரலாக வரவில்லை. கல் மட்டும் அதிர்ந்தது. மேசை மேல் இருந்த திருகாணிகள் ஒன்றையொன்று நெருங்கி நகர்ந்தன.

வெங்கிட்டு மறுபடி பேசினான். பதில் வந்தது. மறுபடி பேசினான். சாவகாசமான பேச்சுப் போலிருந்தது.

அப்புறம் அமைதி.

சங்கிலி ஷமீலைப் போனில் கூப்பிட்டான். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். மழையில் நனையும் வெறும் சாலை. எதிர்க்கடைப் படியில் ஒரு பூனை.

திரும்பியபோது வெங்கிட்டு சின்னக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். தலைமுடியில் ஒட்டடை. செல்போன் கையில் இல்லை.

சங்கிலி எத்தனையோ கேட்டான். உள்ளே யார், யாரிடம் பேசினாய், போன் எங்கே. வெங்கிட்டு தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்றா, தெரியாது என்றா, புரியவில்லை. கண்கள் சப்பை விட்டு அகலவில்லை.

பெட்டி துடித்தது. இரண்டு துடிப்பு. முதலாவது குறுகியது, அடுத்தது நீண்டது. நின்று, மறுபடியும் அதே இரண்டு.

அத். தான்.

சங்கிலி குனிந்து, சப்பிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். சத்தம் அறுந்தது.

வெங்கிட்டு அவன் மேல் வந்து விழுந்தான். அடிக்கவில்லை. ஒயரைத் தேடினான். செம்பு இழைகளைத் திரும்ப ஓட்டைக்குள் திணித்தான். முகமெல்லாம் வேர்வை. பிறகு சங்கிலியின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வாயைத் திறந்தான்.

உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

பெட்டி சொன்னது: அத்தான்.

உதடு மறுபடி அசைந்தது. பெட்டி மறுபடி சொன்னது.

சங்கிலிக்கு அப்போது விளங்கியது. இவன் வெங்கிட்டுதான். வெளியே வந்தது இவன்தான். குரல்தான் வரவில்லை. அது அங்கேயே இருக்கிறது. நாளைக்கு வளைகாப்பு. ஊமையாகவா இவனைக் கொண்டுபோய் நிறுத்துவது?

அவன் சின்னக் கதவை நோக்கி ஓடினான். வெங்கிட்டு அவன் காலைக் கட்டிக்கொண்டான். வேண்டாம் வேண்டாம் என்று தலை ஆடியது. எழுந்து அவன் வாயைப் பொத்தப் பார்த்தான். சங்கிலி அந்தக் கையைத் தட்டிவிட்டான். கதவுக்குள் தலையை நீட்டினான். இருட்டு. அந்த வாசனை. நெஞ்சு முட்ட மூச்சு இழுத்துக் கத்தினான்.

"மாப்ளே! வெளிய வாடே!"

எதிரொலி இல்லை. கல் அறைக்குள் கத்தினால் திரும்பி வர வேண்டும். வரவில்லை. கையிலிருந்து எதையோ யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது.

வெங்கிட்டு தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

செல்போன் அடித்தது. ஷமீல். சங்கிலி எடுத்து, வந்து திற, உடனே வா என்றான். என்றதாக நினைத்தான். தொண்டை அசைந்தது. காதில் தன் குரல் விழவில்லை. முதுகுக்குப் பின்னால் பெட்டி நீளமாக முனகியது. பதறவில்லை. நிதானமாக முனகியது.

"ஆங், சொல்லுங்க சேட்டா," என்றான் ஷமீல். அவனுக்கு அந்த முனகல் பேச்சாகக் கேட்டிருக்கிறது.

பெட்டி பேசியது. சங்கிலியின் வாய் மூடியிருந்தது.

"ஓ. ராத்திரியும் அங்கேயே இருந்துக்கிறீங்களா? அப்ப வெங்கிட்டுவோட டிரெயின்?"

பெட்டி பேசியது.

ஷமீல் சிரித்தான். "சரி சேட்டா. நீங்க விளிச்சா மட்டும் வரேன், போதுமா? விளிக்காம நான் வரல."

இணைப்பு அறுந்தது.

சங்கிலி ஷட்டரின் மேல் பாய்ந்தான். இரண்டு முஷ்டியாலும் குத்தினான். தகடு குலுங்கியது, ஓட்டைகளில் வெளிச்சம் குலுங்கியது. சத்தம் இல்லை. கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சத்தம் இல்லை. வெளியே மழையில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மிக அருகில் போனான். கைநீட்டினால் தொடும் தூரம். திரும்பிப் பார்க்கவில்லை. குத்துகள் எல்லாம் பின்னால் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன, வெகு ஆழத்தில், ஒன்றன்பின் ஒன்றாக.

அவன் கைகளைத் தொங்கவிட்டான். திரும்பினான். வெங்கிட்டு தரையில், வாய் திறந்தபடி, கண்ணீர் வழிய அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

பெட்டிக்குள் பேச்சு தொடங்கியது.

அத்தான் என்றது ஒரு குரல். என்ன மாப்ளே என்றது சங்கிலியின் குரல். வளையலைப் பற்றி ஏதோ சொல்லி, இரண்டு குரலும் அடிவயிற்றிலிருந்து சிரித்தன. மூன்றாவதாக ஒன்று, சிரிப்பது எப்படி என்று அவர்களைக் கேட்டுக் கேட்டு, மெதுவாகச் சிரித்துப் பழகியது.